கதைக்கு ஆள் இல்லை

"அவுங்களுக்கு என்ன மாதிரி வேணும் சார்?"

திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் கண்ணாயிரம் இதைக் கேட்டது ராஜவேலிடம். வாங்க வந்தவள் இலக்கியா. பணம் அவளுடைய உதவித்தொகை. காதில் மாட்டிக் கேட்கப்போகிறவளும் அவள்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. ஆனால் ஒரு குரல் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்வை எதற்கு? கண்ணாயிரத்தின் குரல் அவள் தலைக்கு மேலே தாண்டி, பக்கத்தில் நின்ற அக்கா புருஷனிடம் போய் இறங்கியது.

"அவுங்க இங்கதாங்க நிக்கிறாங்க. அவுங்களையே கேக்கலாம்," என்றாள்.

ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே கண்ணாயிரம் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பது கேட்டது.

"கொஞ்சம் கோவம் ஜாஸ்தி சார்," என்று ராஜவேல் சிரித்துச் சமாளித்தான். "எம்.ஏ. படிக்குது, சிதம்பரத்துல. பாடத்த யாராவது வாசிச்சா அதுலயே பதிஞ்சு, வீட்டுல போட்டுக் கேக்கணும். பாட்டும் கேக்கலாம். நல்ல அயிட்டமா எடுங்க."

கண்ணாயிரம் நல்ல அயிட்டமாக எடுத்தார். இலக்கியாவின் கையில் அது கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. தடவத் தடவ வழவழப்பு. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை, விரல் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் இல்லை.

"பட்டனே கெடையாதும்மா. முழுக்க டச்சு. பெரிய கலர் ஸ்கிரீன். வீடியோவே பாக்கலாம்."

"யாரு பாக்கறது?"

"இல்ல... வீட்டுல மத்தவங்க..."

"மத்தவங்க டிவி பாக்கட்டும். எனக்கு வேற காட்டுங்க."

அவள் கேட்டது கிடைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில், விற்காமல் கிடந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு குச்சி வெளியே வந்தது. சின்ன பென்சில் பேட்டரி ஒன்று போட்டால் ஓடும். மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் செருகலாம். முகப்பில் நடுப்பட்டன் குமிழ் மாதிரி எழும்பியிருந்தது. தெரியாமல் பட்டன் அமுங்கிவிடாமலிருக்க விலாவில் ஒரு தள்ளுப்பூட்டு. அதற்கு எதிர்விலாவில், தனியாக, ஒரு சின்னப் புள்ளி வைத்த பட்டன்.

"இது?"

"ரெக்கார்டிங். ஒரு தடவ அமுக்குனா பதியும். திரும்ப அமுக்குனா நிக்கும்."

இலக்கியா அமுக்கினாள். "கண்ணாயிரம் சார், மழை வருமா?" என்றாள். நிறுத்தினாள். குமிழை அமுக்கினாள். கண்ணாயிரம் சார், மழை வருமா என்று அவள் குரலே காதுக்குள் திரும்பி வந்தது, பிசிறில்லாமல், மின்விசிறிச் சத்தத்தோடு. இத்தனைக்கும் யாருடைய உதவியையும் அவள் கேட்கவில்லை. "இதுதான்," என்றாள்.

"அட, இது பழைய மாடலு," என்றான் ராஜவேல். "தபால்தலை சைசுல ஸ்கிரீனு. நாலு பேரு பாத்தா என்னா நெனப்பாங்க? மச்சினிக்கு மட்டமானத வாங்கிக் குடுத்துட்டான்னு என்னத்தான் பேசுவாங்க."

"மாமா, கண்ண மூடுங்க."

"என்னாத்துக்கு?"

"மூடுங்க. சார், அந்த டச்ச அவர் கைல குடுங்க. மாமா, இப்ப ரெக்கார்டு போடுங்க பாப்போம்."

ராஜவேல் மூடினான். தடவினான். பண்பலை வானொலி அலறியது. மறுபடி தடவினான். சத்தம் இன்னும் ஏறியது. கடைக்கு வந்திருந்த யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ராஜவேல் கண்ணைத் திறந்திருக்க வேண்டும், வானொலி நின்றது.

"சரி, உன் இஷ்டம். அப்புறம் வந்து எங்கிட்ட மூக்கச் சிந்தாத," என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்தது, பரிதாபம் இல்லை. அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

செம்மண்டலத்தில் வீட்டு வாசலிலேயே அம்மா அமிர்தம் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் புது மிக்சியோ, புது சைக்கிளோ, ராஜவேலின் புது பைக்கோ, எதுவும் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப்படாமல் ஒரு நாளும் ஓடியதில்லை. கற்பூரம் காட்டி, சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, "என் பொண்ணு இதுல படிச்சு வாத்தியாராவணும்," என்று சொல்லி அம்மா குச்சியை இலக்கியாவின் கையில் கொடுத்தாள். சந்தனம் ஈரமாக இருந்தது. இலக்கியா அதைத் தாவணி நுனியால் மேலாக ஒற்றிவிட்டுப் பைக்குள் போட்டாள்.

படிச்சு வாத்தியாராக அல்ல அதை வாங்கியது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

பாடம் வாசிக்க அவளுக்கு ஆள் உண்டு. பல்கலைக்கழகத்தில் கேட்டால் போதும், முதலாண்டு மாணவிகள் வரிசையில் வருவார்கள். பார்வையில்லாத பெண்ணுக்குப் பாடம் வாசிப்பது புண்ணியம். வாசித்துவிட்டு, "எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்கிறீங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் கதை வாசிக்க ஆள் இல்லை. கேட்டுப் பார்த்திருக்கிறாள். "பரீட்சைக்கு வருமாக்கா?" என்பார்கள். வராது என்றால் அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பார்க்க முடியாதவளுக்குப் பிழைப்புக்கு வேண்டியதைக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் அவளுக்கு என்ன ஆசை என்று உலகம் முழுக்கச் சேர்ந்து முடிவு செய்துவிட்டதாக இலக்கியாவுக்குத் தோன்றும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அனுப்பிரியா ஒருத்திதான் விதிவிலக்கு. கிள்ளையிலிருந்து வரும் வகுப்புத் தோழி. அவளுக்கும் அதே பைத்தியம். வெளிநாட்டு நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகள் எங்கே கிடைத்தாலும் வாங்குவாள். மத்தியானம் காலியாக இருக்கும் வகுப்பறையில், வேர்க்கடலை கொறித்தபடி இலக்கியாவுக்கு வாசிப்பாள். வாயில் நுழையாத பெயர் வந்தால் மாற்றிவிடுவாள். இப்போது வாசித்துவந்த நாவலில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் கொண்ட ஒரு வரி வசூல் அதிகாரி வந்தான். அவனுக்கு அந்தோணிசாமி என்று பெயர் வைத்திருந்தாள். குளிர் தேசம். ஆற்றில் ஓடம் விடும் ஒரு விதவை. மழைக்காலம் போய் ஆறு உறைந்துவிட்டால் யாரும் பனிமேல் நடந்தே அக்கரை போய்விடுவார்கள், அவளுக்குப் பிழைப்பு இல்லை. அந்தோணிசாமி அவளுடைய ஓடத்தை ஜப்தி செய்துவிட்டான். ஒரு கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உறைந்த ஆற்றின்மேல் நடக்கத் தொடங்கினாள்.

அந்த இடத்தில் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மஸ்கட்டில். மாசியிலேயே முகூர்த்தம். படிப்பு அதோடு சரி.

"பரீட்சை எழுதிட்டுப் பண்ணிக்கறேன்னேன்," என்றாள் அனுப்பிரியா. "மாப்பிள்ளைக்கு லீவு இல்லியாம். அவரு லீவுக்கு நான் பரீட்சைய உடணும்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன். அத்தை பாயசம் வச்சாங்க."

மீதிக் கதைக்குத்தான் இந்தக் குச்சி. அனுப்பிரியா அதைக் கிள்ளைக்கு எடுத்துப் போய், வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் மிச்ச அத்தியாயங்களை அதில் வாசித்துப் பதிய வேண்டும். பட்டனைக் காட்டிக்கொடுத்து இலக்கியா கொடுத்தனுப்பினாள். கல்லூரிக்குக் கடைசியாக வந்த அன்று அனுப்பிரியா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "முடிச்சிட்டேன்டி. முடிவு உனக்குப் புடிக்கும். இப்ப எதுவும் சொல்ல மாட்டேன்," என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சீக்கிரம் வந்துவிடச் சொன்னாள்.

கடலூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இலக்கியா காதில் மாட்டினாள். கோடரியோடு ஒருத்தி பனிமேல் நடக்கும் சத்தத்துக்காக உடம்பெல்லாம் காத்திருந்தது. குமிழை அமுக்கினாள்.

ஒன்றும் இல்லை.

ஒலியைக் கூட்டினாள். எங்கோ கிணற்றுக்கு அடியில், போர்வைக்குள், தலையணைக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு. ஆள் குரல் என்று தெரிந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அடுத்த பதிவு அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆலப்பாக்கம் வருகிறவரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அது மடியில் விழுந்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "என்னாம்மா, பாட்டு நல்லால்லியா?" என்று கேட்டாள்.

அன்று மாலை ராஜவேல் அக்காவோடு வீட்டுக்கு வந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் குரலில் ஒரு வெல்லக்கட்டி கரைந்தது.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா? சொல் பேச்சு கேட்டாத்தான? டச்ச வாங்கியிருந்தா இந்நேரம் ஜம்முனு கேட்டுக்கிட்டு இருக்கலாம். நாலு பேரு முன்னாடி என்னக் கண்ண மூடச் சொல்லி வெளையாட்டுக் காட்டுன இல்ல?"

"அந்த டச்சுல என்னால ஒண்ணுமே பண்ண முடியாது மாமா."

"இதுல மட்டும் என்னாத்தக் கிழிச்ச?"

"விடுங்க மாப்ள," என்றாள் அம்மா. "அழுவாதடி. பாடந்தான? வேற எந்தப் புள்ளயாவது படிச்சுக் குடுக்கும்."

"நான் அழுவல! அது பாடம் இல்ல!" இலக்கியா எழுந்து நின்றுவிட்டாள். "கதை. வெறும் கதை. பரீட்சைக்கு வராது, வேலைக்கு ஆவாது. அத எவளும் வந்து படிச்சுக் குடுக்க மாட்டா."

"கதைக்கா?" என்றான் ராஜவேல் மெதுவாக. "ஒரு கதை கேக்கறதுக்கா கடை கடையா ஏறி, என்ன அவமானப்படுத்தி... கதைக்கா?"

அனுப்பிரியாவின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில் இலக்கியா யாரையும் கூப்பிடவில்லை. மடக்குக் கோலை விரித்துக்கொண்டு பேருந்து ஏறிக் கண்ணாயிரத்தின் கடைக்குத் தனியாகப் போய் நின்றாள்.

"கூட யாரும் வரலியாம்மா?"

"நான் வந்திருக்கேன். இது செத்துப்போச்சு. என்னா குடுத்தீங்க நீங்க?"

கண்ணாயிரம் வாங்கிப் பார்த்தார். பதிந்தார். கேட்டார். "மைக் அவுட்டு. இதெல்லாம் இங்க பாக்கறதில்ல, மெட்ராசுக்கு அனுப்பணும். ஒரு மாசம் ஆவும். அதுக்குத்தான் நான் அப்பவே அந்த..."

"டச்சுன்னு சொன்னீங்க, இந்தக் கடையிலயே கத்துவேன்."

அவர் நிறுத்திக்கொண்டார். இலக்கியா குச்சியைப் பிடுங்கி, கடைசியாக ஒரு முறை, வாயோடு வைத்து "ஹலோ" என்றாள். மூக்குக்கு நேராக வந்தது அது. பழைய, காய்ந்த, மெல்லிய வாசம்.

சந்தனம்.

விரல் நகத்தால் முகப்பைத் தடவினாள். குமிழுக்கு மேலே, நட்ட நடுவே, நெற்றி என்று யாருக்கும் தோன்றக்கூடிய இடத்தில் ஒரு பொருக்கு தட்டியது. "சார், இங்க ஒரு ஓட்டை இருக்கணுமே?"

"ஆமா, அதான் மைக்கு... அட!" கண்ணாயிரம் குனிந்து பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தார். "பூஜ போட்டீங்களா?"

இலக்கியா சிரிக்கவில்லை. தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கண்ணாயிரம் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினார். கண்ணாடிப் பெட்டிமேல் குச்சியை வைத்து, இடது கை விரலால் துளையைப் பிடித்துக்கொண்டு, துளித்துளியாகச் சந்தனத்தைத் தோண்டி எடுத்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. துடைத்தாள். பட்டனை அமுக்கினாள். "கண்ணாயிரம் சார், சிரிக்காதீங்க," என்றாள். சிரிக்காதீங்க என்று தெளிவாகத் திரும்பி வந்தது, பின்னால் அவருடைய சிரிப்போடு.

வாசலில் நின்று வீட்டுக்கு போன் போட்டாள்.

"நீ வச்ச பொட்டும்மா! மைக்கு மேலயே வச்சிருக்க!"

"நெத்தின்னு நெனச்சு வச்சேன். அப்ப கொஞ்சம் கீழ வச்சிருக்கணுமோ?"

"எங்கயும் வச்சிருக்கக் கூடாது! நான் கிள்ளைக்குப் போறேன். மாமாகிட்ட சொல்லிடு."

"தனியாவா? கல்யாணம் நாளைக்குத்தானடி..."

போனை வைத்துவிட்டாள்.

சிதம்பரத்தில் இறங்கிக் கிள்ளை டவுன் பஸ் மாறும்போது வெயில் உச்சியில் இருந்தது. கல்யாண வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிற்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வந்து நெஞ்சில் இடித்தது. அதை நோக்கி நடந்தாள். பந்தலில் யாரோ கையைப் பிடித்து, "பாவம், யாரு வூட்டுப் பொண்ணு, பந்தியில உக்கார வைங்க," என்றார்கள். அவள் கையை உதறினாள்.

அனுப்பிரியாவின் அறை வாசலில் அத்தை தைலம்மாள் மறித்தாள். "பொண்ணுக்கு இப்பத்தான் மருதாணி வச்சிருக்கு. சாயங்காலம் வண்டி வந்துடும், சிதம்பரத்துக்கு அழைச்சிக்கிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு மண்டபத்துல வந்து பாரும்மா."

"உள்ள உடு அத்தை," என்று உள்ளேயிருந்து அனுப்பிரியா கத்தினாள். "அது என் கூட்டாளி."

கதவைச் சாத்தியதும் இலக்கியா சொன்னாள். "ஒண்ணுமே பதியல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ போட்டுக் கேட்டுப் பாத்திருக்கக் கூடாதா நீ?"

"பதியலியா? ஸ்கிரீன்ல நம்பர் ஓடுச்சேடி!"

"நம்பரயா நான் கேக்கப் போறேன்?"

"என் குரல எனக்குக் கேக்கப் புடிக்காது. குடுக்கறதுக்கு முன்னாடி நீ ஏன் பாக்கல? ஆட்டுக் கொட்டாயில உக்காந்து படிச்சேன். இங்க ஒரு எடம் கெடையாது எனக்கு. ஆடு மூஞ்சப் பாத்துக்கிட்டுப் படிச்சேன்!" அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் அதற்காகவும் கோபப்பட்டாள். "பதியலியாம்!"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். வெளியே ஒலிபெருக்கி அடுத்த பாட்டுக்குத் தாவியது.

"புத்தகம் எங்க?" என்றாள் இலக்கியா.

"பீரோ மேல. கட்டி வச்சிருக்கு. மஸ்கட்டுக்கு எடை ஜாஸ்தியாம்." பிறகு, "என்னால தொட முடியாது. ரெண்டு கையும் மொழங்கை வரைக்கும் ஈரம்."

இலக்கியா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கட்டைப் பிரித்தாள். அனுப்பிரியா கீழே நின்றபடி, "அது இல்ல, தடியா, அட்ட கிழிஞ்சது" என்று வழி சொன்னாள். இலக்கியா புத்தகத்தைத் தன் மடியில் விரித்து, அனுப்பிரியாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நீ படி. நான் பக்கம் திருப்பறேன். முடிஞ்சதும் உம்முனு சொல்லு."

"இந்தச் சத்தத்துலயா?"

அனுப்பிரியா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நிச்சயமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சொல்லும் எடுபடாத பெண், இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு பந்தலைப் பார்த்துக் கத்தினாள்.

"அத்தை! அந்த ரேடியோ செட்ட நிறுத்தச் சொல்லு! நான் சொல்ற வரைக்கும் போடக் கூடாது. போட்டா நான் வண்டியில ஏற மாட்டேன். மருதாணியக் கழுவிட்டு உக்காந்துடுவேன்!"

பந்தலில் சலசலப்பு. "பொண்ணா அது?" என்றது ஓர் ஆண் குரல். "பாட்டு புடிக்கலியாம்," என்றது இன்னொன்று. பாட்டு பாதியில் அறுந்தது.

இலக்கியா பட்டனை அமுக்கினாள்.

உறைந்த ஆறு. கோடரி. கரையில் நின்று சிரிக்கும் அந்தோணிசாமி. அனுப்பிரியா வாசிக்க வாசிக்க இலக்கியாவின் கை பக்கங்களைத் திருப்பியது. சில நேரம் இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. "ஏய், ஒண்ணு உட்டுட்ட," என்று அதட்டல் விழும். ஓடக்காரி பனியை வெட்டத் தொடங்கினாள். கரையிலிருந்து கரைக்கு, ஓர் ஓடம் போகிற அகலத்துக்கு, தனியாளாக, யாரும் நடந்து கடக்க முடியாதபடி ஆற்றை வெட்டித் திறந்துகொண்டே போனாள். அந்தக் கோடரி விழும் இடங்களில் அனுப்பிரியாவின் குரல் மாறியது. ஆட்டுக் கொட்டகையில் அவள் இப்படி வாசித்திருக்க முடியாது என்று இலக்கியாவுக்குப் பட்டது. இப்போது அவள் யாரையோ நேரில் வைத்துத் திட்டுவதுபோல வாசித்தாள்.

நடுவே வாசலில் பைக் வந்து நின்றது. "எங்க அது? சொல்லாம கொள்ளாம..." என்று ராஜவேலின் குரல் ஜன்னலுக்கு வெளியே எகிறியது.

"உஷ்!" என்றாள் தைலம்மாள். "சத்தம் போடாதீங்க தம்பி. பொண்ணு கோவமா இருக்கு. இப்புடி சேர்ல உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஜன்னலுக்குக் கீழே இழுபட்டது. அனுப்பிரியா ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. வெயில் தாழ்ந்து வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது கடைசிப் பக்கத்துக்கு ஒரு தாள் இருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். "இரு!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள். கடைசி வரியை வாசித்துவிட்டு அனுப்பிரியா "உம்" என்றாள், பழக்கத்தில். திருப்பப் பக்கம் இல்லை.

இலக்கியா பட்டனை அமுக்கி நிறுத்தினாள். உடனே அங்கேயே போட்டுக் கேட்டாள். தெளிவாக இருந்தது. பூட்டைத் தள்ளிக் குச்சியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அனுப்பிரியா மருதாணிக் கைகளை அகல விரித்தபடியே நெற்றியால் அவள் நெற்றியை ஒருமுறை முட்டினாள். கதவு திறந்துகொண்டது. ஒலிபெருக்கி மறுபடி அலறத் தொடங்கியது.

திரும்பி வரும்போது ராஜவேல் கோபத்தில் மேடு பள்ளம் பார்க்காமல் பைக்கை ஓட்டினான். புதுச்சத்திரம் பக்கம், காற்றுக்குள் தொண்டையைச் செருமினான்.

"அந்தப் பொம்பள... ஓடம் உடுறவ. கடைசில அந்தோணிசாமி என்னா ஆனான்? அந்நேரம் பாத்து வண்டிக்காரங்க வந்து கத்துனாங்க, சரியாக் கேக்கல."

"அது பாடம் இல்ல மாமா," என்றாள் இலக்கியா. "வெறும் கதை."

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு குமிழை அமுக்கினாள்.